ராத்திரி மாத்திரையும் கண் அழுத்தமும்: வீட்டுக்கு உதவும் குறிப்புகள்

ராசிபுரமோ ஆத்தூரோ திருச்செங்கோடோ, எங்கள் பக்கத்தில் யாரும் மனநல மருத்துவரிடம் போவதாகச் சொல்ல மாட்டார்கள். ‘நரம்பு டாக்டரைப் பார்த்துட்டு வந்தோம்’ என்பார்கள். அவர் எழுதிக் கொடுப்பது ‘நரம்பு மாத்திரை’. அதையும் சொல்லக் கூச்சமாக இருந்தால் ‘தூக்க மாத்திரை’. பேரை மாற்றிச் சொன்னால் வீட்டு மானம் தப்பித்துவிடும். கண் ஆஸ்பத்திரியில் ‘வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?’ என்று கேட்டால் சுகர் மாத்திரையையும் பிரஷர் மாத்திரையையும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வோம். சொல்லாமல் விட்ட அந்த ஒரு மாத்திரை சிலருடைய கண்ணில் அழுத்தத்தை ஏற்றக்கூடியது. எல்லோருக்கும் அல்ல, சிலருக்கு மட்டும். அந்தச் சிலர் யார், அவர்கள் என்ன செய்யலாம் என்பதற்குத்தான் இந்தக் குறிப்புகள். எங்கள் வீட்டிலேயே ஒருமுறை கோட்டை விட்டுவிட்டுக் கற்றுக்கொண்டவை இதில் பாதி.

1. முதலில் மாத்திரை அட்டையைத் திருப்பி, மேலே கொட்டையாக இருக்கும் கம்பெனிப் பேரை விட்டுவிட்டு, கீழே பொடி எழுத்தில் இருக்கும் மருந்தின் பேரைப் படியுங்கள். அமிட்ரிப்டிலின், நார்ட்ரிப்டிலின், இமிப்ரமின், டாக்ஸெபின் ஆகியவை பழைய வகை. எஸ்சிடாலோபிராம், செர்ட்ராலின், ஃப்ளூவாக்ஸெட்டின், பராக்ஸெட்டின், வென்லாஃபாக்சின், டுலோக்ஸெட்டின் ஆகியவை பிறகு வந்தவை. எல்லாமே மனச்சோர்வுக்கான மருந்துகள். ஆனால் மனச்சோர்வுக்கு மட்டும்தான் கொடுப்பார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். சுகர்காரர்களின் கால் எரிச்சல், ஒற்றைத் தலைவலி, தீராத முதுகுவலி, குடல் உளைச்சல், தூக்கமின்மை என்று பலவற்றுக்கும் அமிட்ரிப்டிலினைப் பத்து மில்லிகிராம் அளவில் ராத்திரிக்கு எழுதுவது சாதாரணம். டுலோக்ஸெட்டினும் கால் எரிச்சலுக்கு வரும். என் மாமியாருக்குப் பாதம் எரிகிறதென்று கொடுத்ததும் இந்த மருந்துகளில் ஒன்றுதான். இது மனச்சோர்வுக்கும் கொடுக்கிற மருந்து என்று நான் சொன்னபோது, ‘ஏன் கண்ணு, எனக்கென்ன பைத்தியமா?’ என்று ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை.

2. கண்ணுக்குள் என்ன நடக்கிறது என்று ஒருமுறை புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானே விளங்கும். கண்ணுக்குள் தெளிந்த நீர் ஒன்று ஓயாமல் சுரக்கிறது. நாள் முழுக்கச் சுரந்தாலும் ஒரு டீஸ்பூன் நிரம்பாது. அது கருவிழிக்குப் பின்னால் சுரந்து, நடுவிலுள்ள பாப்பா வழியாக முன்னால் வந்து, ஓரத்து மூலையில் இருக்கும் சல்லடை வழியாக வடிய வேண்டும். நம்ம வயலில் மடை எப்படியோ அப்படித்தான் அந்த மூலை. மடை அகலமாக இருந்தால் தண்ணீர் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். சிலருக்குப் பிறவியிலேயே மடை குறுகல். மேலே சொன்ன மாத்திரைகள், முக்கியமாகப் பழைய வகை, பாப்பாவைக் கொஞ்சம் விரிக்கும். விரிந்தும் விரியாத பாதி நிலையில் கருவிழித் திரை பின்னாலிருக்கும் லென்ஸோடு ஒட்டிக்கொள்ளும். பின்னால் சுரக்கும் நீர் முன்னால் வர வழியில்லாமல் தேங்கி, திரையை முன்பக்கம் தள்ளி, மடையையே அடைத்துவிடும். சாதாரணமாகப் பத்திலிருந்து இருபத்தொரு மில்லிமீட்டர் பாதரசம் வரை இருக்கும் கண் அழுத்தம், சில மணி நேரத்தில் ஐம்பது அறுபது என்று எகிறும். இதற்குக் கண் டாக்டர்கள் சொல்லும் பேர் ‘மூடிய கோணக் கிளாக்கோமா’. கண் நீர் அழுத்த நோயில் இது ஒரு வகை.

3. மருந்து எப்படிப் பாப்பாவை விரிக்கும் என்று கேட்கிறவர்களுக்கு எங்கள் பக்கத்தில் பதில் வேலியோரத்திலேயே முளைத்துக் கிடக்கிறது. ஊமத்தைச் செடியைப் பிடுங்கிவிட்டு அதே கையால் கண்ணைக் கசக்கினால் ஒரு கண் பாப்பா மட்டும் பெரிதாகிப் பார்வை மங்கும். களை வெட்டப் போகும் பெண்களுக்குத் தெரிந்த சங்கதி இது. ஊமத்தையில் இருப்பது அட்ரோபின் வகைச் சரக்கு. அமிட்ரிப்டிலினுக்கும் அதே குணம் கொஞ்சம் உண்டு. அதனால்தான் அதைச் சாப்பிட்டால் வாய் காய்கிறது, மலம் இறுகுகிறது, வயதானவர்களுக்குச் சிறுநீர் முக்குகிறது. வாய் நன்றாகக் காய்கிறதென்றால் மருந்து கண்ணிலும் தன் வேலையைச் செய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். புண்ணுக்கு மத்தன் தைலம் பூசுகிற வீடுகளுக்குக் கூடுதலாக ஒரு வரி: அதிலும் ஊமத்தை இலைச் சாறு உண்டு, பூசியதும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுக் கண்ணைத் தொடுங்கள்.

4. யாருக்கு மடை குறுகலாக இருக்கும்? நாற்பது வயதைத் தாண்டியவர்கள், அதிலும் பெண்கள். சின்ன வயதிலிருந்தே தூரப் பார்வைக்கே பிளஸ் பவர் கண்ணாடி போடுகிறவர்கள். (நாற்பதுக்கு மேல் பேப்பர் படிக்கப் போடும் கண்ணாடியை இதில் சேர்க்க வேண்டாம்.) கண்புரை முற்றி லென்ஸ் தடித்துப்போனவர்கள். அம்மாவுக்கோ அக்காவுக்கோ கண் அழுத்த நோய் இருந்து பார்வை போன குடும்பத்தார். ‘இதெல்லாம் ஆயிரத்தில் ஒருத்தருக்கு’ என்று யாராவது சொன்னால் தமிழ்நாட்டுக் கணக்கைக் காட்டுங்கள். சென்னை சங்கர நேத்ராலயா குழு, திருவள்ளூர், காஞ்சிபுரம் பக்கத்துக் கிராமங்களில் நாற்பது வயதுக்கு மேற்பட்ட 3,924 பேரைப் பரிசோதித்ததில், நூற்றுக்கு ஆறு பேருக்கு மேல் கண்ணின் கோணம் குறுகலாக இருந்தது. அவர்களுக்கு நோய் வந்துவிடவில்லை, வர வாய்ப்பு இருந்தது, அவ்வளவுதான். அதற்கு முன்பே 1990களில் வேலூரில் முப்பதிலிருந்து அறுபது வயதுக்காரர்களைப் பார்த்தபோது, மூடிய கோண வகை நூற்றுக்கு நான்கு பேருக்கும், மடை மூடாமலே வரும் திறந்த கோண வகை நூற்றுக்கு அரைப் பேருக்கும் குறைவாகவும் தென்பட்டன. பின்னால் வந்த ஆய்வுகளில் மூடிய கோண வகையின் அளவு இதைவிடக் குறைவு. ஆனாலும் வெள்ளைக்காரர்களைவிட ஆசியக் கண்களில் இந்த வகை அதிகம் என்பதில் சண்டை இல்லை. மதுரை, திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டக் கிராமங்களில் அரவிந்த் மருத்துவமனை 5,150 பேரைப் பார்த்து 2003ல் வெளியிட்ட கணக்கு இன்னும் சுருக்கென்று தைக்கும். திறந்த கோண வகை இருந்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று பேருக்கு அது தங்களுக்கு இருப்பதே தெரியாது.

5. மேலே சொன்ன கூட்டத்தில் நீங்கள் ஒருவர் என்றால், மாத்திரையைத் தொடங்கும்போதே ஒரு கண் டாக்டரைப் பார்த்து ‘ஆங்கிள்’ பார்க்கச் சொல்லுங்கள். இந்த வார்த்தையை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். பள்ளிக்கூடத்தில் ஞாயிற்றுக்கிழமை நடக்கும் இலவச முகாமில் பெரும்பாலும் புரையையும் பவரையும்தான் பார்ப்பார்கள். காற்றை ‘புஸ்’ என்று அடித்து அழுத்தம் பார்ப்பதும் அந்த நிமிட அழுத்தத்தை மட்டும் சொல்லும், மடை குறுகலா அகலமா என்று சொல்லாது. குறுகிய மடை உள்ளவருக்கும் மற்ற நாளில் அழுத்தம் பதினைந்து என்று சமர்த்தாகவே காட்டும். மடையைப் பார்க்கும் சோதனைக்குக் கோனியோஸ்கோப்பி என்று பேர். மரத்துப்போகச் சொட்டு விட்டு, கண்ணாடி பதித்த சின்ன லென்ஸ் ஒன்றைக் கண்மேல் வைத்துப் பார்ப்பார்கள். சில நிமிட வேலை, வலிக்காது. சேலத்து அரவிந்தில் பார்க்கலாம், மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியின் கண் பிரிவில் கேட்கலாம். நாமக்கல்காரர்களுக்கு 2022லிருந்து சொந்த ஊரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது.

டாக்டரிடம் எப்படிப் பேச்சை எடுப்பது என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு வாக்கியம்: ‘சார், நான் இந்த மாத்திரை சாப்பிடுறேனுங்க, இதால கண்ணுல பிரஷர் ஏறுமாங்க, ஆங்கிள் கொஞ்சம் பாருங்க.’ அட்டையை நீட்டிவிட்டு இதைச் சொன்னால் போதும். எதற்காகச் சாப்பிடுகிறீர்கள் என்று நீங்கள் சொல்லாமலே அவருக்குப் புரிந்துவிடும்.

6. குறுகல் என்று தெரிந்தால் பயப்பட வேண்டாம். கருவிழித் திரையின் ஓரத்தில் லேசரால் கடுகைவிடச் சின்னத் துளை ஒன்று போடுவார்கள். தேங்கும் நீர் பாப்பாவை நம்பியிராமல் அந்தத் துளை வழியாகவே முன்னால் வந்துவிடும். கட்டுப் போடத் தேவையில்லை, அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம், சில நாள் சொட்டு மருந்து விட வேண்டும். அதற்குப் பிறகு பெரும்பாலானவர்கள் தங்கள் மாத்திரையை நிம்மதியாகத் தொடரலாம். ‘பெரும்பாலானவர்கள்’ என்று சொல்லக் காரணம், சிலருக்குத் துளை போட்ட பிறகும் கோணம் குறுகலாகவே இருக்கும் என்பதுதான். அதனால் மறுபடி ஒருமுறை ஆங்கிள் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு கண்ணில் தொந்தரவு வந்தவருக்கு மற்றக் கண்ணிலும் துளை போடச் சொல்வார்கள். ‘நல்ல கண்ணுல எதுக்குக் கை வைக்கணும்’ என்று வீட்டில் பெரியவர்கள் தடுப்பார்கள். அந்தப் பேச்சைக் கேட்காதீர்கள். ரெண்டு கண்ணும் ஒரே அச்சில் வார்த்தவை.

7. இதைப் படித்துவிட்டு இன்றைக்கு ராத்திரி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். இந்தப் பட்டியலில் ஒரே ஒரு குறிப்பைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் காகிதத்தில் ‘கிளாக்கோமா’ என்ற சொல்லைப் பார்த்துவிட்டுத் தாங்களாகவே நிறுத்தியவர்களை எனக்குத் தெரியும். திடீரென்று நிறுத்தினால் தலை கிறுகிறுக்கும், உடம்பில் ஷாக் அடித்த மாதிரி வெட்டும், தூக்கம் போகும், எரிச்சல் வரும். அதைவிட மோசம், அடங்கியிருந்த மனச்சோர்வு திரும்பி வரும். கண்ணைக் காப்பாற்றப் போய் ஆளையே இழந்துவிடக் கூடாது. மாத்திரையைக் குறைப்பதும் மாற்றுவதும் எழுதிக் கொடுத்தவர் வேலை. கண்ணுக்கு அவ்வளவாகத் தொந்தரவு தராத மாற்று மருந்துகள் இருக்கின்றன, அளவைப் படிப்படியாக இறக்கும் முறையும் இருக்கிறது. நாம் செய்ய வேண்டியதெல்லாம் கண் டாக்டரின் சீட்டை மன டாக்டரிடமும், மன டாக்டரின் சீட்டைக் கண் டாக்டரிடமும் கொண்டுபோய்க் காட்டுவது. ராத்திரி நேரத்தில் மனது தாங்கவில்லை என்றால் 14416க்குப் போன் போடுங்கள். அரசாங்கத்தின் டெலி மானஸ் எண் அது. எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், காசு கிடையாது.

8. ஏற்கெனவே கிளாக்கோமாவுக்குச் சொட்டு விடுகிறவர்கள் ‘எனக்கு மன மாத்திரையே ஆகாது’ என்று முடிவு கட்ட வேண்டாம். உங்களுக்கு இருப்பது திறந்த கோண வகையா, மூடிய கோண வகையா என்று கேளுங்கள். திறந்த வகைக்காரர்கள் சிகிச்சையில் இருந்தபடியே பெரும்பாலும் இந்த மாத்திரைகளைச் சாப்பிடலாம். அழுத்தத்தை மட்டும் முறையாகப் பார்த்துக்கொண்டு வர வேண்டும்.

9. இனி ‘பித்தம்’ பற்றி. கண் அழுத்தம் திடீரென்று ஏறினால் ஒரு பக்கத் தலை பிளக்கும், குமட்டும், வாந்தி வரும். கண் சிவக்கும், பார்வை புகை மூட்டமாகும், விளக்கைச் சுற்றி வானவில் நிறத்தில் வட்டம் தெரியும். ஆனால் வீட்டில் முதலில் கண்ணில் படுவது வாந்தியும் தலைவலியும்தான். எங்கள் ஊரில் அதற்கு ஒரே பேர், பித்தம் தலைக்கேறிவிட்டது. என் மாமியாருக்கு ஒரு மாசி மாதத்து ராத்திரி இப்படித்தான் ஆனது. எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுத்தோம், நெற்றியில் சுக்குப் பற்றுப் போட்டோம், லைட்டை அணைத்துவிட்டுப் படுக்க வைத்தோம். மூன்றுமே நல்ல எண்ணத்தில் செய்தவை. மூன்றாவது மட்டும் நிலைமையை மோசமாக்கியது, இருட்டில் பாப்பா இன்னும் விரியும். காலையில் வலது கண் பாப்பா வெளிறிய சாம்பல் நிறமாகத் தெரிந்த பிறகுதான் காரை எடுத்தோம். டாக்டர் மூடிய இமைமேல் விரலை வைத்து அழுத்திப் பார்த்தார். என்னையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார். ஒரு கண் திராட்சைப் பழம் மாதிரி இளகி இருந்தது, மற்றது கோலிக்குண்டு. அழுத்தம் இறங்கிவிட்டது. ஆனால் அந்த ஒரு ராத்திரியில் நசுங்கிய நரம்பு திரும்ப வரவில்லை. வலது கண்ணின் ஓரப் பார்வை போனது போனதுதான்.

10. அப்படி ஒரு ராத்திரி உங்கள் வீட்டில் வந்தால்: விளக்கைப் போட்டே வையுங்கள். குப்புறப் படுக்க விடாமல் மல்லாந்து படுக்க வையுங்கள். பீரோவில் இருக்கும் பழைய சொட்டு மருந்து எதையும் விடாதீர்கள், பாப்பாவை விரிக்கும் சொட்டாக இருந்தால் கெட்டது. தாய்ப்பால், நந்தியாவட்டைப் பூ, பன்னீர் எதுவும் வேண்டாம். தலைவலி மாத்திரை ஒன்றைப் போட்டுத் தூங்க வைத்துவிட்டுக் காலையில் பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள். நரம்புக்கு மிச்சமிருப்பது மணிக் கணக்குதான். கார் இல்லாவிட்டால் 108. புறப்படும்போது மாத்திரை அட்டைகளை அப்படியே ஒரு பையில் அள்ளிப் போட்டுக்கொள்ளுங்கள். கேஷுவாலிட்டியில் வாந்தியைப் பார்த்துவிட்டு வயிற்றுக்கு ஊசி போடப் போனால், ‘கண்ணைப் பாருங்க சார், கண்ணு கல்லு மாதிரி இருக்குதுங்க’ என்று விடாமல் சொல்லுங்கள். மரியாதைக்கு வாயை மூடிக்கொண்டு நிற்கிற நேரம் அது கிடையாது.

11. பெரிய அடிக்கு முன் சின்னச் சின்ன அடிகள் வருவதுண்டு. சாயங்காலம், சினிமாக் கொட்டகை இருட்டு, கரண்டு போன ராத்திரி, இப்படி நேரத்தில் கண் மேல் வலி, மங்கல், தெருவிளக்கைச் சுற்றி நிற வட்டம். தூங்கி எழுந்தால் எல்லாம் சரியாகிவிடும். தூக்கத்தில் பாப்பா சுருங்கும், மடை திறந்துகொள்ளும், அதனால் சரியாகிறது. ‘தூங்கினாச் சரியாப் போயிருது, அதனால ஒண்ணுமில்லை’ என்று நாம் நினைக்கும் அதுவேதான் அறிகுறி. என் மாமியார் தைப்பூசத் தேர் அன்றைக்கு டியூப் லைட்டைச் சுற்றி ‘கலர் கலரா வளையம் தெரியுது’ என்று சொல்லிச் சிரித்தார். நாங்களும் கூடச் சிரித்தோம்.

12. மாத்திரை தொடங்கிய முதல் சில வாரங்களில் கிட்டப் பார்வை மங்கினால் உடனே கண்ணாடியை மாற்றிக் காசைக் கரைக்காதீர்கள். கிட்டத்தில் பார்க்கக் கண்ணைக் குவிக்கும் தசை மருந்தால் சோம்பிப் போவதால் வருவது அது. வலி, சிவப்பு, நிற வட்டம் எதுவும் இல்லாவிட்டால் பெரும்பாலும் தானாகச் சீராகும், அல்லது அளவைக் குறைத்தால் தெளியும். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுக்குப் பொடிப் பற்றவைப்பு வைக்கிறவர்கள், பள்ளிபாளையத்தில் தறியில் அறுந்த இழையைப் பிடித்து முடிகிறவர்கள் இதை முதலில் உணர்வார்கள். தொழிலைச் சொன்னால் டாக்டர் அதற்குத் தகுந்தாற்போல் மருந்தைத் தேர்ந்தெடுப்பார்.

13. லாரி ஓட்டுகிறவர்கள் புது மாத்திரையின் முதல் வாரத்தை நடை போகாத வாரமாகப் பார்த்துத் தொடங்குங்கள். நாமக்கல்லில் வண்டி ஏறினால் நாசிக், நாக்பூர் என்று ராத்திரியோடு ராத்திரியாகப் போகிற தொழில் இது. அமிட்ரிப்டிலின் மாதிரி மருந்து மறுநாள் காலை வரை கண்ணைச் சொக்க வைக்கும், விரிந்த பாப்பாவில் எதிர் வண்டி ஹெட்லைட் இரட்டிப்பாக அடிக்கும். இந்த மாதிரி மருந்தைச் சாப்பிட்ட ராத்திரியில் வண்டி எடுப்பதில்லை என்று வைத்துக்கொள்வதே நல்லது.

14. பகல் வெளிச்சம் கூசுவதும் அதே காரணத்தால்தான். ஜவ்வரிசி மில் களத்தில் மாவு காயப் போட்டிருக்கும்போது வெயில் கண்ணைப் பறிக்கும். அகலத் தொப்பி, கறுப்புக் கண்ணாடி, ரெண்டும் வேண்டும்.

15. கண் உலர்ச்சி. இந்த மாத்திரைகளில் பலவும் கண்ணீரைக் குறைக்கும், உள்ளே மணல் விழுந்த மாதிரி உறுத்தும். குமாரபாளையம் தறிக் கொட்டகைப் பஞ்சும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். கடையில் போய் ‘சிவப்பு போக’ என்று சொட்டு கேட்காதீர்கள். சிவப்பைப் போக்கும் சில சொட்டுகள் பாப்பாவை விரிக்கும். கண்ணீர் மாதிரி ஈரம் தரும் சொட்டு எது என்று டாக்டரைக் கேட்டு வாங்குங்கள்.

மெடிக்கலில் சீட்டில்லாமல் கிடைக்கும் ஸ்டீராய்டு கலந்த சொட்டு (டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், ப்ரெட்னிசோலோன்) அதைவிட ஆபத்து. விட்டதும் கண் குளிர்ந்து வெளுத்துவிடும், அதனால் வாரக் கணக்கில் விடுவார்கள். வலியே இல்லாமல் அழுத்தத்தை ஏற்றி நரம்பைக் கரைக்கும். இது மன மாத்திரையோடு சம்பந்தமில்லாத தனிக் கதை. ஆனால் ரெண்டும் ஒரே வீட்டில் சேருவதைப் பார்த்திருக்கிறேன்.

16. வாய் காய்கிறதென்று ஒரு செம்புத் தண்ணீரை அண்ணாந்து ஒரே மூச்சில் குடிக்காதீர்கள். ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீரை ஐந்து நிமிடத்தில் குடிக்கச் சொல்லி, கண் அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்கும் சோதனையையே கண் டாக்டர்கள் வைத்திருக்கிறார்கள். கண் அழுத்த நோய் உள்ளவர்களுக்கு நன்றாகவே ஏறும். நாள் முழுக்க வேண்டிய அளவு குடியுங்கள், ஆனால் மடக்கு மடக்காக. ஒரு துண்டு நெல்லிக்காயை வாயில் அடக்கிக்கொண்டால் எச்சில் ஊறும்.

17. மனச்சோர்வுக்கு யோகா நல்லது என்று வகுப்பில் சேர்த்துவிடுவார்கள். நல்லதுதான், சிரசாசனத்தை மட்டும் தள்ளி வையுங்கள். தலைகீழாக நிற்கும்போது கண் அழுத்தம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது என்று சங்கர நேத்ராலயா டாக்டர்களே அளந்து 2006ல் எழுதியிருக்கிறார்கள். நல்ல கண் உள்ளவர்கள் அதைத் தாங்குவார்கள். கண் அழுத்த நோய் உள்ளவர்களுக்கு வேண்டாத வேலை. மூச்சுப் பயிற்சி, சவாசனம், காலையில் கண்மாய்க் கரை நடை, எதிலும் தடையில்லை.

18. இரண்டு மருந்துகள் சேர்ந்து பாப்பாவை விரிப்பதும் நடக்கும். சளி மாத்திரையில் இருக்கும் குளோர்ஃபெனிரமைன், வயிற்று வலிக்குப் போடும் டைசைக்ளோமின், மனநோய் மருந்தோடு கை நடுக்கத்துக்குக் கொடுக்கும் ட்ரைஹெக்ஸிஃபெனிடில் எல்லாமே ஊமத்தைக்குப் பங்காளிகள். ஆஸ்துமாவுக்கு இப்ராட்ரோபியம் கலந்து நெபுலைசரில் புகை வைக்கும்போது மாஸ்க் இடுக்கு வழியாகக் கண்ணில் படாமல் இறுக்கிப் பிடியுங்கள். ஒற்றைத் தலைவலிக்கும் வலிப்புக்கும் தரும் டோபிரமேட் வேறு ரகம். அது பாப்பாவை விரிப்பதில்லை, கண்ணுக்குள் வீக்கத்தை உண்டாக்கி ரெண்டு கண்ணையும் சேர்த்து அடிக்கும். பெரும்பாலும் தொடங்கிய ரெண்டு வாரத்துக்குள், திடீரென்று தூரப் பார்வை மங்குவதோடு வரும். இதற்கு லேசர் துளை உதவாது, டாக்டர் மேற்பார்வையில் மருந்தை நிறுத்த வேண்டும். அன்றைக்கே ஆஸ்பத்திரி.

19. கண் சொட்டும் மன மாத்திரையோடு மோதலாம். கிளாக்கோமாவுக்கு விடும் டிமோலால் கண்ணோடு நின்றுவிடாது, மூக்கு வழியாக ரத்தத்தில் கலக்கும். சிலருக்கு நாடி மெதுவாகும், உடம்பு அசதியாகும். ஃப்ளூவாக்ஸெட்டின், பராக்ஸெட்டின் சாப்பிடுகிறவர்களுக்கு ஈரல் அந்த டிமோலாலைச் சீக்கிரம் கழிக்காது, நாடி இன்னும் இறங்கலாம். மயக்கம் வருகிற மாதிரி இருந்தால் ரெண்டு டாக்டரிடமும் சொல்லுங்கள். சொட்டு விட்டதும் கண்ணை மூடி, மூக்கோரத்துக் கண் மூலையை ஆள்காட்டி விரலால் ரெண்டு நிமிடம் அழுத்திப் பிடித்தால் மருந்து கீழே இறங்குவது குறையும். ஒரு சொட்டே தாராளம். ரெண்டாவது சொட்டு கன்னத்தில்தான் வழியும். ரெண்டு வகைச் சொட்டு இருந்தால் இடையில் ஐந்து நிமிடம் விடுங்கள்.

20. இது அழுத்தத்தில் சேராது, ஆனாலும் இந்த வீடுகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஹாலோபெரிடால் மாதிரி மனநோய் மருந்தோ, வாந்திக்குப் போடும் மெட்டோகுளோப்ரமைடு ஊசியோ சிலருக்கு, முக்கியமாக இளவட்டங்களுக்கு, கண்ணை மேலே சொருக வைத்துவிடும். கழுத்து ஒரு பக்கம் இழுக்கும், கருவிழி இறங்காது. பார்த்தவர்கள் பேய் பிடித்தது என்று கோடாங்கிக்காரரைத் தேடுவார்கள். அது மருந்தின் பக்கவிளைவு. ஆஸ்பத்திரியில் ஒரு ஊசி போட்டால் கொஞ்ச நேரத்தில் கண் இறங்கிவிடும்.

21. கடைசியாகக் கூச்சத்துக்கு ஒரு வழி. உங்கள் மனநலச் சிகிச்சை விவரத்தை வெளியே சொல்லக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமே சொல்கிறது. ஆனால் சட்டம் இருந்தாலும், வெளிநோயாளிப் பிரிவில் பத்துப் பேர் முன்னால் நர்ஸ் கேட்கும்போது வாய் எழும்பாது. அதனால் மாத்திரைகளின் பேரையும் அளவையும் தொடங்கிய தேதியையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கண்ணாடிக் கூட்டுக்குள் மடித்து வைத்துவிடுங்கள். கண் ஆஸ்பத்திரிக்கு எதை மறந்தாலும் கண்ணாடியை மறக்க மாட்டோம். டாக்டர் பவர் பார்க்கக் கூட்டைத் திறந்தால் சீட்டும் கூடவே வரும். என் மாமியாரின் கூட்டில் இருக்கும் சீட்டு என் கையெழுத்து. அதன் அடியில் அவர் தன் கையால் கோணல் கோணலாக ஒரு வரி சேர்த்திருக்கிறார்: ‘இது கால் எரிச்சலுக்கு.’